துரை ஆங்கிலம் போதாது: தலைமைப் பொறுப்பைப் பேசும் சொற்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், உற்பத்தி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் லைன் லீடர் வேலைக்கு நேர்காணல் என்றால் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "டெல் அஸ் அபவுட் அ டைம் யூ லெட் அ டீம்." பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அனுபவம் இல்லாமல் இல்லை. கோயில் திருவிழாவில் அன்னதானத்தை முழுசாகப் பொறுப்பேற்று நடத்தியிருப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் பன்னிரண்டு பேரை வைத்து குலை வெட்டும் வேலையை வாங்கியிருப்பார்கள். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்ப்பவருக்கு மண்டோர் என்று பெயர். வாயில் வருவது மட்டும் "ஐ வாஸ் மண்டோர், சார்" என்ற ஒரே வரி. சிலர் கூடவே "ஐ ஹேவ் குட் லீடர்ஷிப்" என்று சேர்ப்பார்கள். அதற்குச் சும்மா இருந்திருக்கலாம், எதிரே இருப்பவர் உடனே "இன் வாட் வே?" என்று கேட்பார், பதில் இருக்காது.

இந்த வட்டாரத்துக்கு ஆங்கிலம் வந்த வழியே அப்படி. தோட்டத்தில் ஆங்கிலம் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், மொழி. பெரிய துரை சின்னத் துரைக்குச் சொல்வார், சின்னத் துரை வெளிவேலையைக் கவனிக்கும் கண்டக்டருக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் சொல்வார், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்கு வரும்போது அது தமிழாகியிருக்கும். கீழே இறங்கி வந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் கட்டளைச் சொற்கள். மேலே ஏறிப் போனது "யெஸ் சார்" மட்டும். 1996-இல் கூலிம் பூங்கா திறந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் அமெரிக்க, ஜெர்மன் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே தேவைப்படும் ஆங்கிலம் வேறு: ஒரு வேலையை யார் செய்தது, யாரிடம் ஒப்படைத்தது, யாருக்குப் பதில் சொல்வது, எது தவறியது, என்ன செய்து சரியானது என்று நடுவில் நின்று பேசுகிற ஆங்கிலம். அதற்குப் பெரிய பெயர்ச்சொற்கள் உதவாது. "விஷன்", "டைனமிக்", "லீடர்ஷிப் குவாலிட்டி" போன்றவற்றை மனப்பாடம் செய்வதில் போகும் நேரம் பெரும்பாலும் வீண். வினைச்சொல்லும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் "டு", "ஃபார்", "ஆஃப்", "ஆன்" போன்ற பொடிச் சொல்லும்தான் வேலை செய்யும்.

முதலில் பதவிப் பெயரைச் சரிசெய்ய வேண்டும். மண்டோர் என்ற சொல் மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும், மியூனிக்கிலிருந்து வந்த மேலாளருக்குத் தெரியாது. சுயவிவரத்தில் "ஃபீல்ட் சூப்பர்வைசர்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே எத்தனை பேர், எத்தனை ஹெக்டர் என்று எண்ணைப் போட்டுவிடுவது நல்லது. "சூப்பர்வைஸ்" என்ற வினைக்குப் பின்னால் பொடிச் சொல் எதுவும் வராது. "ஐ சூப்பர்வைஸ்ட் ட்வெல்வ் ஹார்வெஸ்டர்ஸ்", அவ்வளவுதான். "சூப்பர்வைஸ் டு", "சூப்பர்வைஸ் ஓவர்" இரண்டும் தப்பு. "லீட்" என்பதன் இறந்தகாலம் "லெட்". பேசும்போது யாரும் தவறுவதில்லை, எழுதும்போதுதான் தவறுகிறார்கள். எல், இ, டி என்ற மூன்றே எழுத்து; நடுவில் ஏ வந்தால் அது நிகழ்காலம், அல்லது ஈயம்.

"மை ஸ்டாஃப்ஸ்" என்பது மலேசியா முழுவதும் கேட்கிற தப்பு. "ஸ்டாஃப்" ஒரு கூட்டத்தின் பெயர், அதற்கு எஸ் கிடையாது. ஒருவரைச் சொல்ல "அ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்", பலரைச் சொல்ல "டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்". "ஃபீட்பேக்", "அட்வைஸ்", "எக்விப்மென்ட்", "இன்ஃபர்மேஷன்" எல்லாம் இதே சாதி; எஸ் போட்டால் அந்த ஒரு எழுத்திலேயே ஆளை எடை போட்டுவிடுவார்கள். அநியாயம்தான், ஆனால் நடப்பது அதுதான்.

"எனக்குக் கீழே பதினைந்து பேர்" என்று தமிழில் சொல்வது இயல்பு. அதையே "ஃபிஃப்டீன் பீப்பிள் அண்டர் மீ" என்றால் இலக்கணப்படி சரி, காதுக்கு மட்டும் கொஞ்சம் துரைத்தனமாகக் கேட்கும். "ஐ லீட் அ டீம் ஆஃப் ஃபிஃப்டீன்" என்றோ "ஃபிஃப்டீன் பீப்பிள் ரிப்போர்ட் டு மீ" என்றோ சொன்னால் போதும். "ரிப்போர்ட் டு" என்றால் நிர்வாக அடுக்கில் அவருக்குக் கீழ் இருப்பது. "ரிப்போர்ட் ஆன்" என்றால் ஒரு விஷயத்தைப் பற்றி அறிக்கை தருவது. "ரிப்போர்ட்" என்பதோடு ஓர் ஆளின் பெயரை நேராக ஒட்டினால் அவர்மேல் புகார் கொடுத்ததாகிவிடும். "ஐ ரிப்போர்ட்டட் மை மேனேஜர்" என்று நேர்காணலில் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரின் புருவம் ஏன் உயர்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. "டு" என்ற ஒரு சொல் விட்டுப்போனதன் விளைவு.

பன்னாட்டுக் கம்பெனிகளில் இரண்டு மேலாளர்கள் இருப்பதும் சாதாரணம். அன்றாட வேலைக்குக் கூலிமிலேயே ஒருவர், தொழில்நுட்ப விஷயத்துக்குப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இன்னொருவர். நிர்வாக வரைபடத்தில் முதலாமவருக்கு முழுக் கோடு, இரண்டாமவருக்குப் புள்ளிக் கோடு போடுவார்கள். அதைத்தான் "ஐ ஹேவ் அ டாட்டட் லைன் டு த ரீஜனல் மேனேஜர்" என்கிறார்கள். விடுப்புக்கும் வருடாந்தர மதிப்பீட்டுக்கும் முழுக்கோட்டு ஆளிடம்தான் போக வேண்டும்.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்: "ரெஸ்பான்சிபிள்", "அக்கவுன்டபிள்". தமிழில் இரண்டுக்கும் பொறுப்பு என்றே சொல்லிவிடுகிறோம், மலாயிலும் "பெர்த்தங்குங்ஜவாப்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆங்கில நிர்வாகப் பேச்சில் இரண்டும் வேறு. குலை வெட்டுகிற வேலையை எடுத்துக்கொள்வோம். பழுத்த குலையை வெட்டி, விழுந்த உதிரிப் பழத்தைப் பொறுக்கி, ஏற்றுமிடத்துக்குக் கொண்டு வந்து வைப்பது வெட்டுகிறவரின் வேலை. அவர் "ரெஸ்பான்சிபிள் ஃபார் ஹார்வெஸ்டிங்". மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறது, காய்க்குலை வெட்டப்பட்டிருக்கிறது என்று துரை கண்டுபிடித்தால் கூப்பிட்டுக் கேட்பது மண்டோரை, அவர் "அக்கவுன்டபிள்". செய்வதை இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம், பதில் சொல்லும் கடமையைக் கொடுக்க முடியாது. பல கம்பெனிகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம் போட்டு, எதிரே ஆர், ஏ, சி, ஐ என்று நான்கு எழுத்துகளை இடுவார்கள். ஆர் செய்கிறவர், ஏ பதில் சொல்கிறவர், சி செய்வதற்கு முன் கலந்து பேச வேண்டியவர், ஐ செய்த பின் தகவல் மட்டும் பெறுகிறவர். ஆர் எத்தனை பேராகவும் இருக்கலாம். ஏ ஒருவர்தான், இரண்டு பேரைப் போட்டால் பிரச்சினை வரும் நாளில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். உங்கள் பெயருக்கு எதிரே எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்த பிறகே கூட்டத்தில் வாயைத் திறப்பது நல்லது. சி என்று இருப்பவர் ஏ மாதிரி பேசினால் அங்கேயே மோதல் தொடங்கும்.

பொடிச் சொல் இங்கேயும் முக்கியம்: "அக்கவுன்டபிள் டு" என்றால் ஆளுக்கு, "அக்கவுன்டபிள் ஃபார்" என்றால் விஷயத்துக்கு. "ஐ ஆம் அக்கவுன்டபிள் டு த பிளான்ட் மேனேஜர் ஃபார் நைட் ஷிஃப்ட் அவுட்புட்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் சரளமாக வந்தாலே போதும். இடத்துக்குத் தகுந்தபடி இரு முனைகளையும் மாற்றிக்கொள்ளலாம்.

வேலையை ஒப்படைப்பதற்கு "டெலிகேட்" என்ற சொல்லை எல்லாரும் படித்திருப்பார்கள். வினையாக வரும்போது கடைசி அசை "கேட்" என்று நீளும். மாநாட்டுப் பேராளர் என்ற பெயராக வரும்போது "டெலிகட்" என்று சுருங்கும். "டெலிகேட் த டாஸ்க் டு ஹர்" என்று "டு" போட வேண்டும். சின்னச் சின்ன வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது "அசைன்". பதவி மாறும்போதோ ஷிஃப்ட் முடியும்போதோ மொத்தமாகக் கொடுப்பது "ஹேண்ட் ஓவர்". சிப் தொழிற்சாலைகளில் அதையே "பாஸ்டவுன்" என்பார்கள். இன்னொருவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக நிற்பது "ஸ்டாண்ட் இன் ஃபார்". தோட்டத்துப் பேச்சில் "அவர் இல்லாதப்ப நான்தான் பாத்துக்கிட்டேன்" என்று சொல்வதற்கு நேர் ஆங்கிலம் இதுதான். "ஐ டுக் கேர்" என்று சொன்னால் அவர் நோயாளியாகவும் நீங்கள் தாதியாகவும் ஆகிவிடுவீர்கள்.

ஒப்படைக்கும்போது நான்கு விஷயங்கள் வாக்கியத்தில் இருக்க வேண்டும்: எந்த வேலை, எந்த நேரத்துக்குள், எந்தத் தரத்தில், தானாக முடிவெடுக்க எவ்வளவு உரிமை. கடைசியானதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். "ரீப்ளேஸ் த ஃபில்டர் பை ஃபோர். இஃப் யூ நீட் அ ஸ்பேர் பார்ட், கோ அஹெட் அண்ட் ஆர்டர் இட். செக் வித் மீ ஒன்லி இஃப் இட் காஸ்ட்ஸ் மோர் தேன் ஃபைவ் ஹண்ட்ரட் ரிங்கிட்." "கோ அஹெட்" என்பதும் "செக் வித் மீ" என்பதும்தான் இங்கே உரிமையின் எல்லைக்கோடு. அது இல்லாவிட்டால் நல்ல தொழிலாளி ஒவ்வொன்றுக்கும் வந்து கேட்பார், துணிந்தவர் எதையும் கேட்காமல் செய்துவிடுவார்.

"பை" என்ற சொல்லில் மட்டும் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "ஃபினிஷ் அன்டில் ஃபைவ்" என்று சொல்லக் கேட்கிறோம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே வரக்கூடாது: ஐந்து மணிக்குள் என்றால் "பை ஃபைவ்", ஐந்து மணி வரைக்கும் என்றால் "அன்டில் ஃபைவ்". க்குள் என்றால் பை, வரைக்கும் என்றால் அன்டில். அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கொடுத்த வேலையைப் பின்தொடர்வதற்கு மூன்று சொற்றொடர்கள் உண்டு. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கேட்பவர் மனதில் வேறு வேறாக விழும். "ஐ வில் செக் இன் வித் யூ அட் டூ" என்றால் எப்படிப் போகிறது என்று நட்பாகக் கேட்க வருகிறேன். "ஐ வில் செக் ஆன் த மெஷின்" என்றால் போய்ப் பார்க்கிறேன். "செக் அப் ஆன்" என்றால் சந்தேகப்பட்டு வேவு பார்ப்பது. தொழிலாளியின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் மனம் சுணங்கிவிடும். ஒரு விஷயத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு "ஃபாலோ அப் வித் ராஜூ ஆன் த பர்மிட்" என்ற மாதிரி ஆளுக்கு "வித்", விஷயத்துக்கு "ஆன்".

கட்டளையின் கடுமையை எவ்வளவு வைப்பது என்பதும் பழக வேண்டிய ஒன்று. தமிழில் "ங்க" சேர்த்தாலே மரியாதை வந்துவிடும்: "கொஞ்சம் இதப் பாருங்கண்ணே." ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வசதி இல்லை, அதனால் வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்புகிறார்கள். "குட் யூ ஸ்டே டில் எய்ட்?" சாதாரண வேண்டுகோள். "ஐ நீட் யூ டு ஸ்டே டில் எய்ட்" என்றால் மறுக்க இடமில்லை, ஆனாலும் முரட்டுத்தனம் இல்லை. "வுட் யூ மைண்ட் ஸ்டேயிங் டில் எய்ட்?" மிக மென்மை, வினையோடு "இங்" வரவேண்டும், "டு ஸ்டே" வராது. இந்தக் கேள்விக்குச் சம்மதம் சொல்ல வேண்டுமானால் "நோ, நாட் அட் ஆல்" என்பதுதான் பதில். பவ்யமாக "யெஸ் சார்" என்றால் "எனக்கு ஆட்சேபணை உண்டு" என்று பொருள். துரை காலத்து "யெஸ் சார்" காலை வாரும் இடம் இது.

மேலே இருப்பவர் "யூ மே வான்ட் டு லுக் அட் திஸ்" என்று மெதுவாகச் சொன்னால், வேண்டுமானால் பார் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடக்கூடாது. பிரிட்டிஷ் பாணி மேலாளர் வாயில் அது பெரும்பாலும் உத்தரவு. பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இந்த மென்மையெல்லாம் ஆகாது. "ஸ்டாப் த லைன்." "ஸ்டெப் பேக்." அவ்வளவுதான். "குட் யூ ப்ளீஸ்" என்று தொடங்கி முடிப்பதற்குள் விரல் போய்விடும்.

எண்களுக்கு வருவோம். இலக்கு வைப்பது "செட் அ டார்கெட்", எட்டுவது "மீட்" அல்லது "ஹிட்", தாண்டுவது "எக்ஸீட்", தவறுவது "மிஸ்", கொஞ்சத்தில் எட்டாமல் போவது "ஃபால் ஷார்ட் ஆஃப்". இவை சுலபம். "பை", "டு" இரண்டும்தான் ஆபத்து. "ரிஜெக்ட்ஸ் ட்ராப்ட் பை த்ரீ பெர்சன்ட்" என்றால் மூன்று சதவீதம் குறைந்தது. "ட்ராப்ட் டு த்ரீ பெர்சன்ட்" என்றால் குறைந்து மூன்றில் வந்து நிற்கிறது. கூட்டத்தில் இதை மாற்றிச் சொல்லிவிட்டால் பிறகு எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது.

சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாமாயில் ஆலைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு எளிதில் விளக்கலாம். 100 டன் குலையைப் பிழிந்து 20 டன் எண்ணெய் எடுத்தால் எண்ணெய் விகிதம் 20 சதவீதம். காய்க்குலை கலந்து வந்ததால் அது 19 ஆனது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது எவ்வளவு? "ஒன் பெர்சன்டேஜ் பாயின்ட்". ஆனால் கிடைத்த எண்ணெயில் குறைந்தது ஐந்து சதவீதம், ஏனென்றால் இருபதில் ஒன்று போயிருக்கிறது. "இட் ஃபெல் பை ஒன் பெர்சன்ட்" என்று சொன்னால் 20-லிருந்து 19.8-க்கு வந்ததாகத்தான் கணக்குத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். நூறு டன்னுக்கு ஒரு டன் எண்ணெய் நட்டம், காகிதத்தில் 200 கிலோவாகச் சுருங்கிவிடும்.

பிரச்சினையை மேலே கொண்டுபோவது "எஸ்கலேட்". "எஸ்கலேட் த இஷ்யூ டு த டியூட்டி மேனேஜர்." இதைப் பலர் கோள்மூட்டுவது என்று நினைத்துத் தயங்குகிறார்கள். தோட்டத்துப் பழக்கத்தில் கண்டக்டரைத் தாண்டித் துரையிடம் போவது பெருங்குற்றம், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தொழிற்சாலையில் எத்தனை நிமிடம் இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருப்பார்கள். நேரம் ஆனதும் கூப்பிடாமல் இருந்தால்தான் கேள்வி வரும். நேரடி மேலாளரைத் தாண்டிப் போவதற்கு வேறு சொற்றொடர் இருக்கிறது: "கோ ஓவர் ஹிஸ் ஹெட்". தப்பாகக் கருதப்படுவது அதுதான்.

ஒழுங்கு நடவடிக்கைச் சொற்களில் சட்டமும் சேர்ந்து வருவதால் அசட்டையாகப் பேசக்கூடாது. மலேசியாவில் "டேக் ஆக்‌ஷன்" என்றாலே மிரட்டல் போல ஒலிக்கும். "டேக் ஆக்‌ஷன் ஆன் த கம்ப்ளெயின்ட்" என்றால் புகாரைக் கவனித்து ஆவன செய்வது. "டேக் ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட் ஹிம்" என்றால்தான் தண்டிப்பது. தவறு செய்ததாகக் கருதப்படுபவருக்கு முதலில் போவது "ஷோ காஸ் லெட்டர்", அதாவது காரணம் கேட்கும் கடிதம். அதன் பிறகு "டொமெஸ்டிக் இன்குயரி" என்ற உள்விசாரணை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே தவறான நடத்தைக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்கிறது. விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் இடைநீக்கம் செய்யலாம், அந்தக் காலத்தில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே விசாரணை முடியும்வரை ஒரு சூப்பர்வைசர் "ஹி ஸ்டோல்" என்று எழுதக்கூடாது. "ஹி இஸ் அலெஜ்ட் டு ஹேவ் டேக்கன்" என்றுதான் எழுத வேண்டும். அந்த ஒரு சொல் எழுதியவரையும் காப்பாற்றும்.

வேலையை விட்டதைச் சொல்லும்போதும் கவனம் தேவை. "ஐ டெர்மினேட் ஃப்ரம் மை ஜாப்" என்று சொல்பவர்கள் அதிகம். அவர்கள் சொல்ல நினைப்பது "ஐ ரிசைன்ட்". "டெர்மினேட்டட்" என்றால் கம்பெனி நீக்கியது. ஆட்குறைப்பில் போனது "ரிட்ரெஞ்ச்ட்", அமெரிக்கர்களிடம் சொல்லும்போது "லெய்ட் ஆஃப்". ஒப்பந்தக் காலம் முடிந்தால் "மை கான்ட்ராக்ட் எண்டட்". தலைவர் பதவியிலிருந்து மட்டும் விலகி வேலையில் தொடர்ந்தால் "ஸ்டெப்ட் டவுன்". முன்னறிவிப்புக் காலம் "நோட்டீஸ் பீரியட்". ஒப்பந்தத்தில் எதுவும் எழுதியிராவிட்டால் இரண்டு ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குக் குறைவாக 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் என்று அதே சட்டம் சொல்கிறது. "வென் கேன் யூ ஸ்டார்ட்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்முன் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

கூட்டம் நடத்தும் ஆங்கிலம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளிகள் உறுப்பினரானார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்தான் சங்கம் முதலில் வாங்கியது. ஆண்டுப் பொதுக்கூட்டம், முன்மொழிதல், வழிமொழிதல், குறைந்தபட்ச வருகை எல்லாம் அந்தத் தலைமுறைக்கே பழக்கம். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் இன்றும் அதுவே நடக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லத்தான் தயக்கம். தலைமை தாங்குவது "சேர்", அதுவே வினைச்சொல்: "ஐ சேர்ட் த மீட்டிங்". வழிமொழிவது "செகண்ட் த மோஷன்". போன கூட்டக் குறிப்பிலிருந்து எழுபவை "மேட்டர்ஸ் அரைசிங்". குறிப்பெடுப்பது "டேக் த மினிட்ஸ்". செயலாளராக இருந்த எவரும் இந்த நான்கையும் சுயவிவரத்தில் தாராளமாகப் போடலாம்.

"டேபிள்" என்ற வினை மட்டும் கண்ணிவெடி. மலேசியாவிலும் பிரிட்டனிலும் "டேபிள் த ப்ரொபோசல்" என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. நாடாளுமன்றச் செய்தியில் தினமும் பார்க்கிறோம். அமெரிக்கருக்கு அது நேர் எதிர், இப்போதைக்கு ஒத்திவைப்பது. அமெரிக்கக் கம்பெனியில் "புட் இட் ஃபார்வர்ட்" அல்லது "போஸ்ட்போன் இட்" என்று பச்சையாகச் சொல்லிவிடுவது மேல். இதே மாதிரி, "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் நமக்குப் பதில் எழுதுங்கள் என்று அர்த்தம், வெளிநாட்டில் பழைய நிலைக்குத் திரும்புங்கள் என்று அர்த்தம். பொறுப்பாளரைக் குறிக்கும் "பிஐசி", மருத்துவ விடுப்பான "எம்சி", வெளியூர்ப் பயணமான "அவுட்ஸ்டேஷன்" எல்லாம் இங்கே எல்லாருக்கும் புரியும், டெக்சாஸில் புரியாது. அவற்றை மறக்க வேண்டிய அவசியமில்லை. மின்னஞ்சல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தன்னைப் பற்றிச் சொல்லும் அடைமொழிகளில் நம்மவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது "ஸ்ட்ரிக்ட்". தோட்டத்தில் கண்டிப்பான மண்டோர் என்பது பாராட்டு. நேர்காணலில் "ஐ ஆம் அ ஸ்ட்ரிக்ட் லீடர்" என்றால் முரடன் என்று குறித்துக்கொள்வார்கள். "ஃபர்ம் பட் ஃபேர்" என்று சொல்லலாம். "அத்தாரிட்டேட்டிவ்" என்றால் விஷயம் தெரிந்து மதிப்போடு பேசுபவர். "அத்தாரிட்டேரியன்" என்றால் அடக்கி ஆள்பவர். ஒலி நெருக்கம், பொருள் தூரம். தானே இறங்கி வேலை செய்பவர் "ஹேண்ட்ஸ் ஆன்", அது நல்ல பெயர். ஒவ்வொரு ஆணியையும் தானே எண்ணுபவர் "மைக்ரோமேனேஜர்", அது கெட்ட பெயர். "பாசி" என்ற சொல் பெரும்பாலும் பெண்கள்மேல்தான் விழுகிறது. அதே குணம் ஆணுக்கு இருந்தால் "டிசைசிவ்" என்பார்கள். பெண் சூப்பர்வைசர்கள் தங்களைப் பற்றி எழுதும்போது இரண்டாவது சொல்லை உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம்.

1939-இல் உளவியலாளர் கர்ட் லெவினும் உடன் ஆய்வு செய்தவர்களும் பிரித்த மூன்று தலைமைப் பாணிகளும், 1970-இல் ராபர்ட் கிரீன்லீஃப் சொன்ன "சர்வன்ட் லீடர்", அதாவது சேவை செய்து தலைமை தாங்குபவர், என்ற கருத்தும் பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி வரும். கேட்டால் புரிகிற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். நேர்காணலில் தன்னை "சர்வன்ட் லீடர்" என்று அறிவிப்பவர் அதற்கு ஓர் உதாரணம் கையில் வைத்திருக்க வேண்டும்.

உச்சரிப்பில் இரண்டு இணைகள் சங்கடத்தில் கொண்டுவிடும். பணியாளர் பிரிவு "பர்சனெல்", அழுத்தம் கடைசியில். சொந்த விஷயம் "பர்சனல்", அழுத்தம் முதலில். குழுவின் மன உற்சாகம் "மொரால்", அழுத்தம் கடைசியில். ஒழுக்கம் சார்ந்தது "மாரல்". "மை டீம்ஸ் மாரல் இஸ் லோ" என்று சொன்னால் பாவம் அந்தக் குழுவின் நடத்தையே கெட்டுப்போனதாகிவிடும்.

இவற்றைப் படிக்கும் முறைக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றே போதும். சொல்லும் எதிரே தமிழ்ப் பொருளும் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வினை, பொடிச் சொல், உங்கள் வேலையிலிருந்து எடுத்த ஆள் அல்லது பொருள், மூன்றும் சேர்ந்த முழு வாக்கியமாக எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து வாக்கியம் போதும், அவற்றைக் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அன்னதானத்தையே எடுத்து நான்கு வரியில் அமைக்கலாம்: நிலைமை, உங்கள் வேலை, செய்தது, விளைவு. "அவர் டெம்பிள் எக்ஸ்பெக்டட் எய்ட் ஹண்ட்ரட் விசிட்டர்ஸ். ஐ வாஸ் இன் சார்ஜ் ஆஃப் த மீல்ஸ் அண்ட் லெட் அ டீம் ஆஃப் ஃபிஃப்டீன் வாலன்டியர்ஸ். த ரைஸ் சப்ளையர் கேன்சல்ட் த நைட் பிஃபோர், ஸோ ஐ அசைன்ட் டூ பீப்பிள் டு ஃபைண்ட் அனதர் ஒன் அண்ட் ஸ்டுட் இன் ஃபார் தெம் இன் த கிச்சன். வீ சர்வ்ட் எவ்ரிஒன் பை டூ." கடினமான சொல் ஒன்றுகூட இதில் இல்லை. எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். ஊதிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே வெளுத்துவிடும். "இன் சார்ஜ் ஆஃப்" என்பதில் நடுவே "த" சேர்த்தால் பொருள் தலைகீழாகி, மற்றவர்களின் பொறுப்பில் நீங்கள் இருந்ததாக ஆகிவிடும். "வீ" எங்கே, "ஐ" எங்கே என்பதையும் பாருங்கள்: முடிவெடுத்தது "ஐ", பரிமாறியது "வீ". அடக்கத்தால் எல்லாவற்றையும் "வீ" ஆக்கிவிட்டால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றே தெரியாமல் போகும்.

நேர்காணல் முடியும்போது "டு யூ ஹேவ் எனி குவெஸ்டியன்ஸ் ஃபார் அஸ்?" என்று கேட்பார்கள். "நோ சார், தேங்க் யூ சார்" என்று எழுந்துவிடாமல் இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும். "ஹௌ மெனி பீப்பிள் வுட் ரிப்போர்ட் டு மீ, அண்ட் ஹூ வுட் ஐ ரிப்போர்ட் டு?" இது முதலாவது. "வாட் டிசிஷன்ஸ் குட் ஐ மேக் ஆன் மை ஓன், அண்ட் வாட் வுட் ஐ நீட் டு எஸ்கலேட்?" இது இரண்டாவது. நேரம் இருந்தால் "வாட் டார்கெட்ஸ் வுட் ஐ பி எக்ஸ்பெக்டட் டு மீட் இன் த ஃபர்ஸ்ட் சிக்ஸ் மன்த்ஸ்?" சம்பளத்தைப் பற்றிய கேள்வியை, அவர்களாக எடுக்காதவரை, அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.